பிளாக்செயினில் பிறந்து, மேய்ந்து, சாகும் உலகம்: கட்டும் வரிசை முழுவதும்

இந்த வழிகாட்டியின் முடிவில் உங்களிடம் ஒரு வயல் இருக்கும். 64-க்கு 64 கட்டங்கள். அதில் புல் முளைக்கும். பூச்சிகள் மேயும், குட்டி போடும், பட்டினியில் சாகும். தலைமுறைகள் போகப் போக அவற்றின் மரபணு மாறும். எல்லாம் எத்தேரியம் வகைப் பிளாக்செயினில் நடக்கும். யாரும் பின்னால் போய்க் கணக்கைத் திருத்த முடியாது.

இதைக் கட்டி முடிப்பதற்குள் நான் மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கினேன். பிறகு வந்தவர்கள் சிலருக்கு உடனிருந்து உதவியபோது, அவர்களும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். பெரும்பாலும் நிரலில் கோளாறு இல்லை, வரிசையில்தான் கோளாறு. கான்ட்ராக்டை (பிளாக்செயினில் ஓடும் நிரலை) முதலில் எழுதிவிட்டு, உயிர்களைப் பிறகு யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்குமுன்

பைத்தான் சுமாராகத் தெரிந்தால் போதும். கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியில் ஒரு சிறிய கான்ட்ராக்டாவது எழுதிச் சோதித்திருக்க வேண்டும். பிட் கணக்குகள், அதாவது ஆண்ட், ஆர், எக்ஸ்-ஆர், இடப்பெயர்ச்சி ஆகியவை கைக்குப் பழகியிருக்க வேண்டும். அது பழகாதவர்கள் நான்காம் படியில் நின்றுவிடுகிறார்கள்.

கான்ட்ராக்டைச் சோதித்து ஏற்றும் கருவிகளில் ஃபவுண்ட்ரி ஒன்றே போதும். அதோடு வரும் ஆன்வில் உங்கள் கணினியிலேயே ஒரு தனிச் சங்கிலியை, அதாவது பிளாக்செயினை, ஓட்டும். பிளாக்குகளை (பரிவர்த்தனைகள் சேர்ந்து சங்கிலியில் ஏறும் தொகுதிகளை) நூறு நூறாக முன்னே தள்ளவும் விடும். உயிர் உலகத்தைச் சோதிக்க அந்தத் தள்ளும் வசதி இல்லாமல் முடியாது.

சோதனைக்கென்று தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள், அதில் உண்மைப் பணம் ஒரு பைசாகூட வேண்டாம். தனிச்சாவியை, அதாவது வாலட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை, நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் ஏராளம்.

2. முதல் வயல் பைத்தானில்

சங்கிலியில் ஒரு தவறான எண்ணைத் திருத்துவது ஒரு நாள் வேலை. பைத்தானில் அது ஒரு நொடி. உயிர் உலகில் நீங்கள் மாற்றிப் பார்க்க வேண்டிய எண்கள் குறைந்தது இருபது இருக்கும்: புல் வளரும் வேகம், நகர ஆகும் செலவு, குட்டி போடத் தேவையான ஆற்றல் என்று. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அவற்றைச் சரிசெய்யும் இடம் பைத்தான்தான்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு: இந்தப் பைத்தான் நிரலில் தசம எண்ணே வரக்கூடாது. சாலிடிட்டியில் தசமக் கணக்கு கிடையாது. 0.3 என்று இங்கே எழுதிப் பழகினால் அங்கே அழ நேரிடும். எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் புல் இவ்வளவு, பூச்சி இருந்தால் அதன் மரபணு, அதன் ஆற்றல். இவ்வளவுதான் உலகம். பூச்சி தன் முறை வரும்போது நான்கு திசைகளிலும் புல்லைப் பார்க்கிறது, நகர்கிறது, மேய்கிறது, ஆற்றல் போதுமானால் பக்கத்துக் காலிக் கட்டத்தில் குட்டி போடுகிறது. பார்வை, கடி, குட்டி போடும் அளவு எல்லாம் மரபணு சொல்வதுபடி.

இங்கே ஒரு பிழை எல்லாருக்கும் வருகிறது. கட்டங்களைப் பூஜ்யத்திலிருந்து வரிசையாகச் சுற்றி வருகிறார்கள். அப்படியென்றால் வடமேற்கு மூலையில் இருப்பவை எப்போதும் முதல் பந்தியில் உட்காருகின்றன. என் முதல் ஓட்டத்தில் பூச்சிகள் அந்த மூலையில் அப்பிக் கிடந்தன. ஏதோ அற்புதமான கூட்டு வாழ்க்கை உருவாகிவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் மகிழ்ந்திருந்தேன். பந்தி வரிசையைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கும் கட்டத்தையும் போகும் திசையையும் தாறுமாறாக மாற்றினால் இது போய்விடும்.

3. தட்டுப்பாட்டையும் விலையையும் வையுங்கள்

பரிணாமத்துக்கு மூன்று வேண்டும்: மரபு, மாறுபாடு, தேர்வு. புதிதாக வருபவர்கள் முதல் இரண்டை அழகாக எழுதிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். பூச்சிகளின் நிறம் மாறுகிறது, வடிவம் மாறுகிறது. ஆனால் எதுவும் எதற்காகவும் மாறவில்லை.

தேர்வு வருவது தட்டுப்பாட்டிலிருந்து. வயலுக்குள் ஆற்றல் புல் வழியாக மட்டுமே நுழைய வேண்டும், பூச்சியின் உயிர்ச்செலவு வழியாக வெளியேற வேண்டும். வேறு எங்கிருந்தாவது ஆற்றல் கசிந்து வந்தால், உயிர்கள் அந்தக் கசிவை நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மொத்த ஆற்றலைக் கூட்டிப் பார்க்கும் ஒரு வரியைச் சேருங்கள். வந்ததும் போனதும் இருப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் நிரல் நின்றுவிட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் ஒரு விலை. தூரப் பார்வைக்கு விலை இல்லையென்றால், கொஞ்சம் தலைமுறைகளில் எல்லாப் பூச்சிகளும் உச்சப் பார்வையோடு நிற்கும், அத்தோடு கதை முடிந்தது. பார்வையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயிர்ச்செலவு கூடட்டும். இரட்டிப்புப் பார்வைக்கு நான்கு மடங்கு பசி என்றால் பூச்சிகள் நடுவில் எங்கோ ஒரு பேரத்துக்கு வரும்.

அந்தப் பேரமும் ஓரிடத்தில் உறைந்துவிடாமல் இருக்க, சூழல் நகர வேண்டும். நான் வைத்திருப்பது ஒரு மழைப்பட்டை. வயலை எட்டு வரிசைகளாகப் பிரித்து, 6,300 பிளாக்குக்கு ஒருமுறை மழை அடுத்த வரிசைக்குப் போகிறது. 12 நொடிக்கு ஒரு பிளாக் என்றால் அது 21 மணி நேரம். ஒரு வாரத்தில் மழை முழு வயலையும் சுற்றி வந்துவிடும். மழை விழும் வரிசையில் புல் வேகமாக முளைக்கும். ஒரு வகுத்தலும் ஒரு மீதியும்தான் கணக்கு, செலவே இல்லை.

4. மரபணுவை எழுதுவது

128 பிட் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு எட்டாகப் பிரித்தால் 16 மரபணுக்கள். அவற்றில் இரண்டை எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவையுங்கள். காரணம் அடுத்த படியில் வரும்.

சடுதிமாற்றத்துக்கு 128 பிட்டையும் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டுவதுதான் எல்லாரும் முதலில் எழுதுவது. சங்கிலியில் அது வீண் செலவு. சுருக்கமான வழி ஒன்று உண்டு. தாறுமாறான எண்கள் சிலவற்றை ஆண்ட் செய்தால், எல்லாவற்றிலும் 1 இருந்த இடம் மட்டும் மிஞ்சும். அதை மரபணுவோடு எக்ஸ்-ஆர் செய்தால் அந்த இடங்கள் மட்டும் புரளும்.

எட்டே பிட்டில் செய்து பார்க்கலாம். மூன்று தாறுமாறான எண்கள்: 11010110, 01110011, 10011010. முதல் இரண்டை ஆண்ட் செய்தால் 01010010. அதோடு மூன்றாவதைச் சேர்த்தால் 00010010. தாயின் மரபணு 10110100 என்றால், எக்ஸ்-ஆருக்குப் பிறகு குட்டியுடையது 10100110. இரண்டு இடம் புரண்டிருக்கிறது.

மூன்று எண்கள் என்றால் ஒரு பிட் புரள எட்டில் ஒரு வாய்ப்பு. அது மிக அதிகம், மரபே நிற்காது. எட்டு எண்கள் எடுத்தால் வாய்ப்பு 256-இல் ஒன்று. 128 பிட்டுக்குச் சராசரியாக அரை பிட் புரளும். ஏறக்குறைய பத்தில் ஆறு குட்டிகள் தாயின் அப்பட்டமான நகலாக இருக்கும். நல்ல தொடக்கம் அது. எட்டு 128-பிட் எண்களுக்கு நான்கு கெச்சாக் ஹாஷ் போதும். கெச்சாக் எந்த உள்ளீட்டையும் தாறுமாறாகத் தோன்றும் ஓர் எண்ணாக மாற்றும் கணக்கு, ஒவ்வொன்றும் 256 பிட் தருகிறதே.

இன்னொரு பொறி: சாதாரண இருமத்தில் 7 என்பது 0111, 8 என்பது 1000. பார்வை ஏழிலிருந்து எட்டுக்குப் போக நான்கு பிட்டும் ஒரே நேரத்தில் புரள வேண்டும். அது நடக்காது. பூச்சிகள் 7, 15, 31 போன்ற எண்களில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரே ஒரு பிட் மாறும் கிரே குறியீட்டில் 7 என்பது 0100, 8 என்பது 1100. ஒரு பிட் புரண்டால் போதும். மரபணுவைக் கிரே குறியீடாகவே வைத்திருந்து, குணத்தைப் படிக்கும்போது மட்டும் சாதாரண எண்ணாக மாற்றுங்கள்.

5. சங்கிலிக்குப் போகுமுன் ஒரு சோதனை

மாற்றம் தெரிகிறது என்பதால் பரிணாமம் நடக்கிறது என்று ஆகிவிடாது. சிறிய கூட்டத்தில் குருட்டு அதிர்ஷ்டத்தாலேயே ஒரு மரபணு எல்லாரிடமும் பரவிவிடும்.

இதற்காகத்தான் அந்த இரண்டு வெற்று மரபணுக்கள். அவை எந்தக் குணத்தையும் தொடுவதில்லை. எனவே அவற்றில் வரும் மாற்றம் முழுவதும் அதிர்ஷ்டத்தின் வேலை. வெவ்வேறு விதை எண்களோடு (தாறுமாறான எண்கள் பிறக்கும் தொடக்க எண்) இருபது முறை ஓட்டுங்கள். இருபதிலும் பார்வை மரபணு ஒரே எல்லைக்குள் வந்து நின்று, வெற்று மரபணு இருபது திசையில் சிதறிக் கிடந்தால் தேர்வு வேலை செய்கிறது. இரண்டும் ஒரேபோலச் சிதறினால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

புல்லை வரம்பில்லாமல் கொடுத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பார்வை மரபணு அதே எண்ணில் வந்து நின்றால், எங்கோ நீங்கள் அறியாமல் விடையை நிரலுக்குள் எழுதிவைத்திருக்கிறீர்கள்.

இது முடியாமல் ஒரு வரி சாலிடிட்டிகூட எழுதாதீர்கள். அவசரப்பட்டவர்கள் எல்லாரும் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

6. ஓடாத கடிகாரம்

சங்கிலியில் எதுவும் தானாக நடக்காது. யாராவது ஒரு பரிவர்த்தனை அனுப்பினால்தான் கான்ட்ராக்ட் கண் திறக்கும். உங்கள் பூச்சிக்குப் பசிப்பதில்லை, புல் வளர்வதில்லை. யாரோ தொடும் நொடியில், கடைசியாகத் தொட்டது எப்போது என்று பார்த்து, நடந்திருக்க வேண்டியதைக் கணக்குப் போட்டு நிரப்புகிறோம். அவ்வளவுதான்.

முதலில் தோன்றும் யோசனை, ஒரு பரிவர்த்தனையில் முழு வயலையும் ஒரு சுற்று ஓட்டுவது. 4,096 கட்டங்களைப் படித்து எழுத, கட்டத்துக்கு 5,000 கேஸ் (சங்கிலியில் வேலைக்கான கட்டணத்தை அளக்கும் அலகு) என்று வைத்தாலும் 2 கோடியே 4 லட்சத்து 80 ஆயிரம். ஒரு முழு பிளாக்குக்கான உச்சவரம்பே எத்தேரியத்தில் பல ஆண்டுகள் 3 கோடியாகத்தான் இருந்தது. வேண்டாம்.

சரி, தொடும்போது மட்டும் கணக்கிடுவோம். இதில்தான் நான் பார்த்ததிலேயே மிக நயமான பிழை ஒளிந்திருக்கிறது. பத்து பிளாக்குக்கு 3 அலகு ஆற்றல் செலவு என்று வைத்திருக்கிறீர்கள். கடந்த பிளாக்குகளை மூன்றால் பெருக்கிப் பத்தால் வகுக்கிறீர்கள். 30 பிளாக் கழித்துத் தொட்டால் 9 குறையும், சரி. மூன்று பிளாக்குக்கு ஒருமுறை தொட்டால்? ஒன்பதைப் பத்தால் வகுத்தால் பூஜ்யம். செலவு பூஜ்யம், ஆனால் கடைசியாகத் தொட்ட நேரம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. அடிக்கடி தொட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பூச்சிக்குச் சாவே கிடையாது.

பிளாக் ஒன்றுக்கான செலவை முழு எண்ணாக வையுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் 300. பெருக்கல் மட்டும், வகுத்தல் இல்லை. இதற்கு ஒரு சோதனையும் எழுதிவிடுங்கள்: 100 பிளாக்கை ஒரே தாவலாகக் கடந்தாலும், நூறு சிறு அடிகளாகக் கடந்தாலும் ஆற்றல் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஃபவுண்ட்ரியின் ஃபஸ் சோதனை தாறுமாறான எண்களைக் கொடுத்து இதை நூற்றுக்கணக்கில் தட்டிப் பார்க்கும். புல்லுக்கும் இதே சோதனை வேண்டும்.

சாவிலும் ஒரு சிக்கல். சாலிடிட்டியின் 0.8 பதிப்பிலிருந்து, குறியற்ற எண்ணில் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பரிவர்த்தனையே தோற்றுவிடும். ஆற்றல் 40, செலவு 55 என்றால் பூச்சி சாக வேண்டும். ஆனால் கழித்தல் தோற்பதால் யார் தொட்டாலும் எல்லாம் ரத்தாகும். அந்தப் பூச்சி சாகவும் மாட்டாது, கட்டத்தை விட்டுக் கிளம்பவும் மாட்டாது. கழிப்பதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்: செலவு ஆற்றலுக்குச் சமமோ அதிகமோ என்றால் அது செத்துவிட்டது.

7. பாத்தி முறை

யார் வேண்டுமானாலும் எந்தப் பூச்சியையும் தொடலாம் என்று விட்டுவிட்டால், பிடித்த பூச்சியை மட்டும் தொட்டுத் தொட்டு மேய விடுவார்கள். தேர்வு செய்வது வயல் என்ற நிலை மாறி, ஆள்தான் தேர்வு செய்கிறார் என்று ஆகிவிடும்.

வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போலச் செய்யுங்கள். வயலை 8-க்கு 8 அளவில் 64 பாத்திகளாகப் பிரியுங்கள். ஒரு பாத்திக்கு முறை வந்ததும் யார் வேண்டுமானாலும் அந்தப் பாத்தியை ஓட்டும் ஃபங்ஷனை அழைக்கலாம். அழைத்தால் பாத்தியில் உள்ள எல்லாப் பூச்சிகளும் ஒருசேர ஓர் அடி வாழும். தனக்குப் பிடித்ததை மட்டும் ஊட்ட வழியில்லை.

ஒவ்வொரு பாத்திக்கும் அதன் முறை வரும் பிளாக்கின் எண் ஒன்று இருக்கும். அதுதான் முறை பிளாக். அந்த எண் கடந்த பிறகே அழைக்க முடியும். எவ்வளவு தாமதமாக அழைத்தாலும் பசியும் புல்லும் முறை பிளாக் வரைக்கும்தான் கணக்கிடப்படும். நேரம் பார்த்து அழைத்து யாரும் லாபம் அடையக் கூடாது. அடுத்த முறை, அழைத்த பிளாக்கிலிருந்து 50 பிளாக் தள்ளி.

எல்லையில் கவனம் வேண்டும். பக்கத்துப் பாத்தியில் 1000-ஆம் பிளாக் முறையில் அடி வைத்த பூச்சி இங்கே தாவி வந்திருக்கிறது. இந்தப் பாத்தியின் முறை 990. 990-லிருந்து 1000-ஐக் கழிக்கப் போனால் மீண்டும் அதே தோல்வி, பாத்தி முழுவதும் பூட்டிக்கொள்ளும். பூச்சியின் கடைசி பிளாக்கோடு 50-ஐக் கூட்டி, அது இப்போதைய முறையைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பூச்சியைத் தாண்டிப் போங்கள். கூட்டலாக எழுதுவதுதான் முக்கியம். இதே வரி, ஒரே சுற்றில் ஒரு பூச்சி இரண்டு அடி வைப்பதையும் தடுத்துவிடுகிறது.

அழைப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஆற்றலோ பணமோ கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருப்பது, அந்தப் பாத்தியில் ஒரு பூச்சிக்குப் பெயர் வைக்கும் உரிமை. பெயர் நிகழ்வுப் பதிவில் (வெளியில் இருப்பவர்கள் படிக்கக் கான்ட்ராக்ட் எழுதிவிட்டுப் போகும் குறிப்பில்) மட்டும் எழுதப்படும். அதற்கே ஆட்கள் வருகிறார்கள். யாரும் வராத நேரத்துக்கு உங்கள் கணினியில் ஒரு சிறிய நிரல் காவல் இருக்கட்டும்.

பூச்சிகளை விற்கக்கூடிய டோக்கன்களாக ஆக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். 2017 இறுதியில் வந்த கிரிப்டோகிட்டீஸ் பூனைகளுக்கு 256 பிட் மரபணு இருந்தது, ஆனால் சாவு இல்லை. எந்தப் பூனை இனம் பெருகும் என்பதை வாங்குபவர்கள் முடிவு செய்தார்கள். அது விளையாட்டாக இருப்பதில் தவறில்லை. நாம் கட்டுவது வேறு.

8. விதை எண்

திசை, சடுதிமாற்றம், பந்தி வரிசை எல்லாவற்றுக்கும் தாறுமாறான ஓர் எண் வேண்டும். அழைக்கும் பிளாக்கிலிருந்து அதை எடுக்காதீர்கள். ஒருவர் தன் கான்ட்ராக்ட் வழியாக அழைத்து, விளைவு பிடிக்காவிட்டால் பரிவர்த்தனையை ரத்து செய்து, அடுத்த பிளாக்கில் மறுபடி முயலலாம். பிடித்தது விழும்வரை உருட்டும் பகடை அது.

விதையை முறை பிளாக்கின் ஹாஷிலிருந்து எடுங்கள். முறை குறிக்கப்படும்போது அந்த பிளாக் இன்னும் பிறக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. பிறந்த பிறகு யாராலும் மாற்ற முடியாது. ரத்து செய்து மறுபடி அழைத்தாலும் அதே எண்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். பிளாக்ஹாஷ் கடைசி 256 பிளாக்குகளுக்குத்தான் கிடைக்கும், எத்தேரியத்தில் சுமார் 51 நிமிடம். அதற்கு மேல் தாமதமானால் பூஜ்யம் வரும். பிழை எதுவும் காட்டாது, சத்தமில்லாமல் பூஜ்யம் தரும். அதை விதையாக ஏற்றுக்கொண்டால், கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே காத்திருப்பவர் ஜெயிப்பார். பூஜ்யம் வந்தால் முறையை இப்போதைய பிளாக்கிலிருந்து ஐந்து பிளாக் தள்ளி வைத்துவிட்டு வெளியேறுங்கள்.

இரண்டாவது: ஹாஷோடு பாத்தி எண்ணையும் கட்ட எண்ணையும் சேர்த்துக் கலக்குங்கள். நான் முதலில் கலக்கவில்லை. ஒரே சுற்றில் பிறந்த குட்டிகள் அனைத்துக்கும் ஒரே இடத்தில் பிட் புரண்டிருந்தது. வயலில் திடீரென்று இரட்டையர் கூட்டம்.

பிளாக்கைத் தயாரிப்பவர் நினைத்தால் தன் பிளாக்கை வெளியிடாமல் விட்டு விதையைச் சற்று வளைக்க முடியும். பணம் புழங்காத வயலுக்காக யாரும் அந்த பிளாக்கின் வருமானத்தை இழக்க மாட்டார்கள். டோக்கன் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. ஒரு கட்டம், ஒரு ஸ்லாட்

சேமிப்பு ஸ்லாட் (கான்ட்ராக்ட் தன் தரவை வைக்கும் அறை) ஒன்றின் அகலம் 256 பிட். வெற்று ஸ்லாட்டில் முதன்முதலாக எழுத 22,100 கேஸ். ஏற்கெனவே ஏதோ இருக்கும் ஸ்லாட்டைப் படித்து மாற்ற 5,000. இந்த இரண்டு எண்களும்தான் வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன.

பூச்சியையும் புல்லையும் தனித்தனி ஸ்லாட்டில் வைத்தால், பூச்சி காலிக் கட்டத்துக்கு நகரும் ஒவ்வொரு முறையும் 22,100. இரண்டையும் ஒன்றாக வையுங்கள்: மரபணு 128, ஆற்றல் 32, பூச்சியின் கடைசி பிளாக் 40, புல் 16, புல்லின் கடைசி பிளாக் 40. கூட்டினால் சரியாக 256. புல்லின் பிளாக் எண் எப்போதும் இருப்பதால் ஸ்லாட் வெறுமையாவதே இல்லை, நகர்வது மலிவாகிறது. கட்டத்தின் இடமே திறவுகோல் என்பதால் இடத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டியதில்லை. தாய் யார், எப்போது பிறந்தது என்பவை நிகழ்வுப் பதிவுக்குப் போகட்டும்.

20 பூச்சிகள் இருக்கும் பாத்தியின் ஒரு முறைக்குச் செலவு பார்ப்போம். 64 கட்டங்களைப் படிக்க 1,34,400. எல்லாப் பூச்சியும் நகர்ந்தால் 40 கட்டங்களை மாற்ற 1,16,000. பரிவர்த்தனை அடிப்படைக் கட்டணம் 21,000. கணக்கீட்டைச் சேர்க்காமலே 2,71,400 கேஸ்.

எழுதும்போது 'ஸ்டாக் டூ டீப்' என்று கம்பைலர் கத்தும். ஒரே ஃபங்ஷனில் மாறிகள் அதிகமாகிவிட்டன என்று பொருள். ஸ்லாட்டைப் பிரித்துப் படிக்கும் வேலையைச் சிறு ஃபங்ஷன்களாக்கி, மாறிகளை ஒரு ஸ்ட்ரக்டில் கட்டிவிடுங்கள்.

10. இரண்டு வயல்களையும் ஒத்துப் பாருங்கள்

இப்போது பைத்தான் வயலும் சாலிடிட்டி வயலும் உங்களிடம் இருக்கின்றன. ஒரே விதையைக் கொடுத்து இரண்டையும் பத்தாயிரம் முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் 4,096 ஸ்லாட்டும் பிட்டுக்குப் பிட் ஒத்திருக்க வேண்டும்.

முதல் முறையிலேயே ஒத்துவராது. காரணங்கள் அநேகமாக இவைதான்: பைத்தானின் நூலகத்தில் உள்ள ஷா3-256 வேறு, எத்தேரியத்தின் கெச்சாக்-256 வேறு, பெயரில் உறவு உண்டு, விடையில் இல்லை. கெச்சாக்குக்குத் தனி நூலகம் நிறுவ வேண்டும். அடுத்து, மைனஸ் 7-ஐ இரண்டால் முழு எண்ணாக வகுத்தால் பைத்தான் மைனஸ் 4 என்கிறது, சாலிடிட்டி மைனஸ் 3 என்கிறது. வயலின் ஓரத்தில் இது உடனே கடிக்கும்: மைனஸ் 1-க்கு 64-ஆல் மீதி பைத்தானில் 63, சாலிடிட்டியில் மைனஸ் 1. இடது பக்கம் போக ஒன்றைக் கழிக்காமல் 63-ஐக் கூட்டி மீதி எடுங்கள். எதிர்மறை எண்ணே வராது.

11. எங்கே ஏற்றுவது

முதலில் ஆன்வில், பிறகு செபோலியா சோதனைச் சங்கிலி. அதன் பிறகு எத்தேரியத்தின் முதன்மைச் சங்கிலிக்குப் போக நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவும். 50 பிளாக் என்றால் 10 நிமிடம். ஒரு பாத்திக்கு நாளுக்கு 144 முறை. 64 பாத்திகளுக்கு 9,216. ஒவ்வொன்றும் 2,71,400 என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 கோடி கேஸ். கேஸ் விலை ஒரு க்வெய் (எத்தேரியத்தின் நாணயமான ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்தாலும் தினமும் இரண்டரை ஈதர். பூச்சி வளர்க்க அவ்வளவு கொடுக்க முடியாது.

ரோலப் சங்கிலிகள்தான் வழி. பரிவர்த்தனைகளைத் தாங்களே ஓட்டிவிட்டு, அவற்றின் தரவை முதன்மைச் சங்கிலிக்கு அனுப்புபவை அவை. அங்கே கணக்கீடு மலிவு. 2024 வரை பெரிய செலவு, அப்படி அனுப்ப வேண்டிய தரவுக்குத்தான் ஆனது. நம் பரிவர்த்தனையில் இருப்பதோ ஒரு பாத்தி எண் மட்டும். கணக்கு பெரியது, உள்ளீடு சிறியது. ரோலப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல.

ஆனால் ஏற்றுமுன் இரண்டு இடங்களைத் திருத்துங்கள். ஓபி ஸ்டாக் என்ற ரோலப் வகைச் சங்கிலிகளில் வழக்கமாக 2 நொடிக்கு ஒரு பிளாக். 256 பிளாக் என்பது எட்டரை நிமிடமாகச் சுருங்கிவிடும், மழையும் ஆறு மடங்கு வேகமாக ஓடும். ஆர்பிட்ரம் என்ற இன்னொரு ரோலப்பில் பிளாக் எண்ணைக் கேட்டால் முதன்மைச் சங்கிலியின் தோராயமான எண் வரும். எத்தேரியத்தில் தாறுமாறான எண் தரும் பிரெவ்ராண்டாவ் அங்கே எப்போதும் 1 தரும். பிளாக்ஹாஷையும் பாதுகாப்பான விதையாக நம்பக் கூடாது. அங்கே போவதாக இருந்தால் விதைக்கு வேறு ஏற்பாடு செய்தே தீர வேண்டும்.

12. காட்சியும் சாவியும்

திரையில் காட்டும் பகுதியை நிகழ்வுப் பதிவுகளிலிருந்து கட்டுங்கள். சேமிப்பில் உள்ள ஆற்றலை அப்படியே காட்டினால், எப்போதோ செத்த பூச்சிகள் திரையில் துள்ளிக்கொண்டிருக்கும். அது கடைசியாகத் தொட்ட நேரத்து ஆற்றல். இன்றைய நிலையைக் கணக்கிட்டுத் தரும் ஒரு படிப்பு ஃபங்ஷனைக் கான்ட்ராக்டிலேயே வைத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மரபணுவைச் சாதாரண எண்ணாகப் படிக்காதீர்கள், 53 பிட்டுக்கு மேல் எண்கள் மழுங்கும். பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள்.

கடைசி வேலை, உரிமையாளர் சாவியைக் கைவிடுவது. விதிகளை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கும்வரை, பூச்சிகள் வயலுக்கு ஏற்ப மாறுகின்றனவா, உங்கள் மனநிலைக்கு ஏற்ப மாறுகின்றனவா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. கைவிடும் முன் சோதனைச் சங்கிலியில் காவல் நிரலை நிறுத்திவிட்டு, 350 பிளாக் யாரும் எதையும் தொடாமல் விடுங்கள். பிறகு ஒவ்வொரு பாத்தியாக அழையுங்கள். 64 பாத்திகளும் முறையைத் தள்ளிவைத்து, இரண்டாவது அழைப்பில் உயிர்பெற்று எழ வேண்டும். ஒன்று பூட்டிக்கொண்டாலும் சாவியைக் கீழே வைக்காதீர்கள். ஏழாம் படியின் அந்தக் கூட்டலை எங்கோ கழித்தலாக எழுதியிருக்கிறீர்கள்.